சத்தம் ஒரு சாட்சி

பழைய கார் வைத்திருப்பவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். இன்றைய வாகனங்களில் கணினி இருக்கிறது. கோளாறு வந்தால் ஒரு விளக்கு எரியும். கருவியைப் பொருத்தினால் ஓர் இலக்கம் வரும். அறுபதுகளில் செய்த காருக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. நோவு வந்தால் அது முனகும், அவ்வளவுதான். அந்த முனகலை யார், எவ்வளவு பொறுமையோடு கேட்கிறார்கள் என்பதில்தான் அதன் ஆயுள் தங்கியிருக்கிறது.

என் மச்சானிடம் இருப்பது 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வகை. நான்கு சிலிண்டர், 1798 சி.சி. எஞ்சின். எழுபதுகளில் காணிச் சீர்திருத்தம் வந்து வெள்ளைத்துரைமார் தோட்டங்களை விட்டுப் புறப்பட்டபோது, மச்சானின் வாப்பா ஒரு துரையிடம் வாங்கியது. வாப்பா மௌத்தான பிறகும் வீட்டில் அதற்குப் பெயர் 'வாப்பாட கார்' தான்.

2022இல் பெற்றோல் வரிசைகள் ஊரைச் சுற்றியபோது கார் படங்குக்குள் போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கியூ.ஆர். பங்கீடு நீங்கிய பின்னர்தான் வெளியே எடுத்தார்கள். நின்ற காரில் ரப்பர் காய்ந்துபோகும். எஞ்சினின் முன்பக்க ஒயில் சீல் கசிந்தது. ஓரிடத்தில் கொடுத்துப் புதிது போட்டார்கள். இரண்டு கிழமை கழித்துத் தொடங்கியது அந்தச் சத்தம்: டொக், டொக், டொக். கார் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போதுதான் அதிகம்.

மச்சான் ஒரு பெரிய கராஜுக்குக் கொண்டு போனார். இரண்டு நிமிடம் கேட்டார்கள். "பிக் என்ட் பெயாரிங் போயிட்டு. எஞ்சினை இறக்க வேணும்" என்றார்கள். உதிரிப்பாகங்களை இங்கிலாந்திலிருந்து எடுக்க வேண்டுமாம். ஒன்பது இலட்சம் வரும் என்று மதிப்பீடும் எழுதிக் கொடுத்தார்கள். செய்தி எப்படியோ பரவி, எஞ்சின் போன கார் என்ற விலைக்கு அதை வாங்க ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். மச்சானின் மகள் பல்கலைக்கழகம் போகவிருந்த நேரம் அது. அவர் விற்பதற்கு அரை மனதோடு இணங்கியிருந்தார்.

கொடுக்க முன்னர் ஒருமுறை காட்டுவோம் என்று கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் இருக்கும் நானாவிடம் போனோம். எழுபதைத் தாண்டியவர். வலக்காது மந்தம். அவர் பொனெற்றைத் திறக்கவேயில்லை. முதலில் கேள்விகள்தான்.

"குளிர்ல கூடவா, சூடானதும் கூடவா?"

"ரெண்டும் ஒண்டுதான் நானா."

"மேட்டுல ஏறக்கொள்ள?"

"அப்ப கொறயுது."

"கிளச்ச மிதிச்சா?"

"மாத்தமில்ல."

ஒவ்வொரு கேள்வியும் சில சந்தேக நபர்களை வீட்டுக்கு அனுப்பியது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. பிஸ்டன் தேய்ந்து சிலிண்டரில் அடிக்கிற சத்தம் குளிரில் கூடி, சூடேற மங்கும். புகைக்குழாயின் கேஸ்கட் கசிந்தாலும் பெரும்பாலும் அப்படியே. பெயாரிங் போன எஞ்சினோ சுமை ஏற ஏறத்தான் அதிகம் அடிக்கும்; மேட்டில் அமைதியாகாது. கிராங் முன்னும் பின்னும் அசைந்தால் கிளச்சை மிதிக்கும்போது சத்தம் மாறும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, விரலால் பொனெற்றில் தாளம் போட்டார். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு கிராங் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு சுற்றுத்தான் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 தடவை சுற்றினால் ஒரு வால்வு 400 தடவைதான் தட்டும். இந்தச் சத்தம் வேகமானது, கிராங்கின் தாளம். "மேல இல்ல, கீழதான்" என்றார் நானா. மச்சானின் முகம் வாடியது. பெரிய கராஜ் சொன்னதும் அதுதானே.

நானா அடுத்து ஸ்பார்க் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பொருத்தினார். ஒரு சிலிண்டரில் தீப்பொறியை நிறுத்தினால் அதன் பிஸ்டனை அழுத்தும் விசை போய்விடும். அதன் பெயாரிங் பழுதென்றால் தட்டும் சத்தம் அந்த வேளையில் தணியும். நான்கிலும் எதுவும் தணியவில்லை. டாஷ்போர்டில் ஒயில் அழுத்தம் ஓடும்போது 60 காட்டியது. இந்த எஞ்சினுக்கு 50க்கும் 80க்கும் இடையில் இருந்தால் போதும். ஒயிலை இறக்கி வெள்ளைத் துணியில் வடித்தார். பெயாரிங் உலோகத்தின் மினுக்கம் ஒரு துளியும் இல்லை.

பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டார். தண்ணீர்ப் பம்ப் நிற்பதால் அதற்கு மேல் ஓடவிடக் கூடாது. சத்தம் போகவில்லை, ஆகவே டைனமோவும் பம்பும் நிரபராதிகள். கடைசியாக ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு முனையை இடக்காதில் வைத்து, மறு முனையை எஞ்சினின் மேலே ஊர விட்டார். முன்பக்கம் வந்ததும் நின்றார்.

ரேடியேட்டரைக் கழற்றியதும் கிராங்கின் நுனியில் இருந்த கப்பியைக் கையால் பிடித்து ஆட்டினார். ஆடியது! அதன் போல்ட் தளர்ந்திருந்தது. சீல் மாற்றியவர்கள் போல்ட்டைப் பூட்டும் வாசரின் விளிம்பை மடித்துவிடாமல் விட்டிருந்தார்கள். கப்பியையும் கிராங்கையும் இணைத்துப் பிடிக்கும் பிறை வடிவச் சிறு இரும்புத் துண்டு பாதி அரைந்து போயிருந்தது. அந்த இடைவெளியில்தான் கப்பி ஒவ்வொரு சுற்றிலும் மோதிக் கொண்டிருந்தது. புதிய பிறை, புதிய வாசர், ஒரு நாள் வேலை. மதிப்பீட்டில் நூறில் ஒரு பங்கும் செலவாகவில்லை.

"சத்தம் சாட்சி தம்பி, காதியார் இல்ல" என்றார் நானா. "சாட்சிய விசாரிக்காம தீர்ப்புச் செல்லப் பொகாது."

1816இல் பிரான்சில் லென்னெக் என்ற வைத்தியர் ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. நானாவின் ரப்பர் குழாய் அதன் தம்பி. இரண்டும் நமக்குச் செய்வது ஒரே உதவிதான்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற வரைக்கும் தீர்ப்பைத் தள்ளி வைக்கின்றன.

விசாரணையில்லாத தீர்ப்பு என்னவெல்லாம் செய்யும் என்பதை நம் சமூகத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்துக் கறியில் கிடந்த கட்டியை 'மலட்டு மாத்திரை' என்றார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பரிசோதித்து அது வெறும் மாவுக்கட்டி என்று சொன்னபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அதற்குள் வேறொரு காரணத்தோடு தீ எங்கள் கண்டிக்கே, திகனவுக்கு வந்துவிட்டது. ஆட்சேபணையில்லாமல் முதலில் கேட்டதை நம்புகிறவர்கள் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. நம் வீட்டுத் திருமணப் பேச்சுகளிலும் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் ஒரு 'டொக்' கேட்டதுமே எஞ்சினை இறக்கச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்!

அதற்காகச் சத்தத்தை அலட்சியம் பண்ணலாம் என்றல்ல. அது உண்மையிலேயே பெயாரிங்காக இருந்து தொடர்ந்து ஓட்டியிருந்தால், கம்பி முறிந்து எஞ்சினின் வயிற்றைக் கிழித்திருக்கும். நானாவும் காரை எங்களிடம் தந்து "பயப்படாம ஓட்டுங்க" என்று அனுப்பவில்லை. கட்டியிழுத்து வரச் சொன்னார். அலட்சியத்துக்கும் அவசரத்துக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு அன்று அவருக்கு ஒரு முழுக் காலை எடுத்தது.

அரைந்துபோன அந்தப் பிறைத் துண்டு இப்போது அவருடைய மேசையில் ஒரு தகர டின்னுக்குள் இருக்கிறது. வேலை பழக வருகிற பொடியன்மாரின் உள்ளங்கையில் அதை வைத்து, "இது போனா எஞ்சின் எப்பிடிக் கத்தும், செல்லு பாப்பம்" என்று கேட்கிறார். உடனே பதில் சொல்கிற பொடியனை அவர் அவ்வளவாக விரும்புவதில்லை.