எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

8.50-க்குப் புறப்படும் ரயில் 10.15-க்குப் போய்ச் சேர்கிறது. பயண நேரம் எவ்வளவு? சென்னையில் ஏதாவது ஒரு பள்ளியின் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் இதை எழுதிப்போட்டால், நாலைந்து நோட்டுகளிலாவது 1.65 என்று விடை வரும். பிள்ளைகள் கணக்கில் மட்டமில்லை. கழித்தலில் பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கினால் பத்து கிடைக்கும் என்று ஒழுங்காகப் படித்தவர்கள்தான். மணியிடம் கடன் கேட்டால் அறுபது கொடுக்கும் என்பதை அவர்கள் மனத்தில் பதியும்படி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வழியில் போனால் 10.15-ஐ 9 மணி 75 நிமிடமாக மாற்றிக்கொண்டு 8.50-ஐக் கழிக்க வேண்டும். 1 மணி 25 நிமிடம் வந்துவிடும். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் யாரும் இப்படிக் கழிப்பதில்லை. ஒன்பதுக்குப் பத்து நிமிஷம், ஒன்பதிலிருந்து பத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் கால் மணி, ஆக ஒன்றே முக்கால் மணிக்கு இருபது குறைச்சல் என்று படிப்படியாகத் தாவி முடித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது இந்தத் தாவலைத்தான். கடன் கழித்தல் அப்புறம் வரட்டும்.

அறுபது நமக்குப் புது எண்ணும் இல்லை. 60 விநாழிகை ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். பஞ்சாங்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. பஞ்சாங்கம் வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை, சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை, வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை. கிழமை ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கம், இரண்டும் கூடும் கட்டத்தில் விடை. ராகு காலத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இது அச்சு அசலான கால அட்டவணை. மயிலாப்பூர் பாட்டிக்கு மனப்பாடமாகத் தெரிந்த அட்டவணை அவர் பேரனின் கணக்குப் பாடத்துக்கு இதுவரை உதவிக்கு அழைக்கப்படவில்லை.

இன்னொரு விசித்திரம் உண்டு. இந்த விஷயத்தில் சென்னைப் பிள்ளைகளைவிடக் கிராமத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நாளைக்கு மூன்று முறை மட்டும் பஸ் வரும் ஊரில் ‘ஏழே கால் வண்டி’ என்பதுதான் அந்த பஸ்ஸின் பெயர். அதை விட்டால் பள்ளிக்கூடம் போக முடியாது என்பதால், எட்டு வயதிலேயே எத்தனை மணிக்குச் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழ வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. சென்னை நந்தனத்தில் அந்தக் கவலை இல்லை. அண்ணா சாலைக்கு அடியில் 2018 மே 25 முதல் மெட்ரோ ஓடுகிறது. படியிறங்கினால் அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் என்று பலகையே சொல்லிவிடும். மேலே பஸ் நிறுத்தத்தில் தடம் எண் எழுதியிருக்கும், நேரம் எழுதியிருக்காது. வந்தால் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அட்டவணை என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காமலேயே ஒரு பிள்ளை இங்கே பத்தாம் வகுப்பு வரை போய்விடலாம்.

ஆனால் பாடம் நடத்த நந்தனத்தைவிட வாகான இடமும் கிடைக்காது. மெட்ரோ நிறுவனத்தின் தலைமை அலுவலகமே இங்கேதான் இருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் இரண்டாம் கட்டப் பாதையும் நந்தனத்தில் வந்து சேர்கிறது. அது திறந்தால் இங்கே இறங்கி வண்டி மாறும் கணக்கும் சேர்ந்துகொள்ளும். போதாததற்கு ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி.

அதையே கணக்காகப் போடலாம். தாம்பரத்தில் இருக்கும் பெண் ஒருத்தி, மாலை சரியாக 4 மணிக்குப் புத்தகக் காட்சி வாசலில் தோழியைப் பார்க்க வேண்டும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில், கிண்டியில் மாறி நந்தனத்துக்கு மெட்ரோ. சின்னமலை, சைதாப்பேட்டை, அடுத்தது நந்தனம். ‘எத்தனை மணிக்குக் கிளம்பணும்?’ என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டு வாசலிலிருந்து கணக்கைத் தொடங்கிவிடுவார்கள். தொடங்க வேண்டிய இடம் மைதான வாசல். அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

நிமிடங்களை உத்தேசமாக வைத்துக்கொள்வோம். மைதானத்துக்கு நடக்கப் பத்து: 3.50. நந்தனத்தில் பாதாளத்திலிருந்து மேலே ஏறி வர ஐந்து: 3.45. மெட்ரோவுக்குள் ஆறு: 3.39. ரயிலுக்குக் காத்திருக்க அதிகபட்சம் ஏழு: 3.32. கிண்டியில் படி ஏறி இறங்கிப் பயணச்சீட்டு எடுத்து நடைமேடைக்குப் போக எட்டு: 3.24. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு இருபத்திரண்டு: 3.02. அதாவது தாம்பரத்தில் 3.02-க்கோ அதற்கு முன்போ ஒரு வண்டியைப் பிடிக்க வேண்டும். அட்டவணையில் 2.48, 2.58, 3.06 என்று மூன்று வண்டிகள் இருந்தால் அவளுடைய வண்டி 2.58. 3.06 வண்டி, ‘நாலே நிமிஷம்தானே’ என்று ஆசை காட்டும். அந்த வண்டியில் ஏறினால் தோழி வாசலில் காத்திருப்பாள்.

இந்தக் கணக்கில் ரயிலுக்குள் கழியும் நேரம் 28 நிமிடம். ரயிலுக்கு வெளியே நடப்பதும் ஏறுவதும் நிற்பதுமாக 30 நிமிடம்! பாடப்புத்தகத்துப் பயணக் கணக்குகளில் இந்த வெளி நேரம் பெரும்பாலும் வருவதே இல்லை. ரயில் புறப்பட்டது, ரயில் சேர்ந்தது, விடை எழுது. நடைமேடைப் படியில் மூச்சு வாங்கும் மனிதர் அந்தக் கணக்கில் கிடையாது.

இதற்கெல்லாம் கைபேசி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி 2022-லேயே வந்துவிட்டது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றையும் சேர்த்த ‘சென்னை ஒன்’ 2025-இல் வந்தது. நல்ல வசதிகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செயலி மொத்த விடையை நீட்டுகிறது. அதில் காத்திருப்பு எவ்வளவு, நடை எவ்வளவு, எந்த இடத்தில் தவறினால் எல்லாம் தவறும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த விடை முழுதாகப் பயன்படும். ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு அது தெரியும்.

24 மணி நேர முறை வரும்போது பெரியவர்களே தடுமாறுகிறார்கள். 21.40 என்றால் இரவு 9.40 என்பது வரை சிக்கல் இல்லை. நள்ளிரவைத் தாண்டினால்தான் வம்பு. பயணச்சீட்டில் 15-ஆம் தேதி, 00.15 என்று இருந்தால், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது 14-ஆம் தேதி இரவு. 15-ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் போய் நின்று, வண்டி நேற்றே போய்விட்டது என்று தெரிந்து திகைத்த குடும்பம் எந்த உறவு வட்டத்திலும் ஒன்றாவது இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த ஒரு சீட்டைக் காட்டிக் கேட்டாலே ரயில்வே நேரம் முழுக்கப் புரிந்துவிடும்.

இதை நன்றாகச் செய்த பாடம் ஒன்றும் உண்டு. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய நான்காம் வகுப்புச் சூழ்நிலையியல் புத்தகத்தில் ஓமனா என்ற சிறுமி அகமதாபாத்திலிருந்து கேரளத்துக்கு ரயிலில் போகிறாள். உடன் வர முடியாத தோழிக்காக நாட்குறிப்பு எழுதுகிறாள். பாடத்தில் காந்திதாம்–நாகர்கோவில் ரயிலின் அட்டவணை தரப்பட்டிருக்கும். பயணத்தின் எத்தனையாவது நாளில் எந்த ஊர் வரும் என்று பிள்ளைகள் தேடிப் பார்க்க வேண்டும். கதையோடு சேர்ந்து வரும்போது அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஓர் ஊராகிவிடுகிறது.

நேரமும் ரயிலும் சேர்ந்த கதை சென்னைக்கே சொந்தமாக ஒன்று இருக்கிறது. நந்தனத்திலிருந்து சற்றுத் தள்ளி நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட வானாய்வுக் கூடம்தான் ‘மெட்ராஸ் டைம்’ பிறந்த இடம். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடிய அந்த நேரத்தையே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் பொது நேரமாக வைத்துக்கொண்டன. பம்பாய் ஊர்க் கடிகாரம் அதைவிடச் சுமார் அரை மணி பின்னால், கல்கத்தா கடிகாரம் அரை மணிக்குச் சற்று அதிகமாக முன்னால். பம்பாய்க்காரர் ரயிலைப் பிடிக்க இரண்டு நேரங்களை மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1906 ஜனவரி 1-இல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது மெட்ராஸ் கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. பிள்ளைகளுக்குக் கொடுக்க அருமையான கணக்குகள் இதில் இருக்கின்றன. ஏன் யாரும் கொடுப்பதில்லை என்பது புரியவில்லை.

வகுப்பறைக்கு வேண்டியது பெரிய முதலீடு ஒன்றுமில்லை. கடற்கரை–தாம்பரம் தடத்தின் பதினெட்டு நிலையங்களும் காலை வண்டிகள் சிலவும் கொண்ட ஒரே ஒரு தாள், தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போதும். தெற்கு ரயில்வேயும் மாநகரப் போக்குவரத்துக் கழகமும் அப்படி ஒரு தாளை அச்சடித்து, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு அனுப்பி வைக்கட்டும். நந்தனம் பஸ் நிறுத்தத்திலும் ஒன்று ஒட்டட்டும், பத்து வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில்.