பொருந்துகிற பாகம்



நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மீன்கள் இனம் பெருகுவதற்கென விடப்படும் இந்நாள்களில்தான் விசைப்படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுதுபார்க்கப்படுகின்றன. பலகை மாற்றுவதையும் புதுவண்ணம் பூசுவதையும் எல்லாரும் பார்க்கிறோம். இயந்திர அறைக்குள் டீசல் ஓடும் பாதையையோ மெக்கானிக்கைத் தவிர எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த மறைவான பாதையைப் பற்றி இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

டேங்கிலிருந்து புறப்படும் டீசல் முதலில் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிக்கு வருகிறது. ஃபீட் பம்பு அதை இழுத்து, இன்னொரு ஃபில்டர் வழியாக டீசல் பம்புக்குக் கொடுக்கிறது. டீசல் பம்பு அதை அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில், உரிய அளவில் நாசிலுக்கு அனுப்புகிறது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் நாசில் திறக்கும் அழுத்தம் ஏறத்தாழ 200 பார். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் 2 பார் அளவே என்பதை எண்ணிப்பார்த்தால், அந்தச் சிறிய இரும்புத்துண்டு சுமக்கும் பாரம் புரியும்.

டீசல் பம்புக்குள் எலிமென்ட் என்று மெக்கானிக்குகள் அழைக்கும் ஒரு ஜோடி உண்டு. உருளை ஒன்று, அதற்குள் ஏறியிறங்கும் தண்டு ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. நம் தலைமயிரின் தடிமனில் அது மிகச் சிறிய பங்கு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவை. ஒரு ஜோடியின் தண்டை எடுத்து வேறொரு ஜோடியின் உருளையில் போட முடியாது. உப்பு நீர் கலந்த டீசல் உள்ளே போனால் முதலில் கெடுவது இதுவே.

நம் சபையைச் சேர்ந்த படகு உரிமையாளர் ஒருவருக்கு இந்தத் தடைக்காலத்தில் நேர்ந்தது இதுதான். இருபது ஆண்டுகளைத் தாண்டிய படகு. சூடேறிய இயந்திரம் மறுபடி கிளம்ப மறுத்தது, இழுவை குறைந்தது, கரும்புகை வந்தது. பம்பைப் பிரித்துப் பார்த்தபோது எலிமென்ட்கள் தேய்ந்திருந்தன, நாசில்கள் ஒழுகின. மாற்றவேண்டிய பாகங்களின் பட்டியல் ஒரு தாளில் அடங்கிவிட்டது. அவற்றைக் கண்டுபிடிக்கவோ ஏழு வாரம் பிடித்தது.

ஏன் இத்தனை காலம்? அவரைப் போன்றோரின் படகுகளில் உழைக்கும் இயந்திரங்கள் பல, லாரி இயந்திரங்களின் உடன்பிறப்புகள். லாரிகள் சாலையில் ஓடியவரை உதிரிப்பாகங்களுக்குக் குறைவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. புதிய லாரிகள் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் அமைப்புக்கு மாறிவிட்டன. பழைய வகைப் பம்பைக் கேட்டு வருவோர் குறையக் குறைய, கடைகளின் அடுக்குகளும் காலியாகின்றன. 1951இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது. ஆயினும் நம் கரையில் இன்றும் ‘மைக்கோ பம்பு’ என்றே கேட்கிறார்கள். பெயர் நிலைத்திருக்கிறது, பாகம் கிடைப்பதுதான் அரிதாகிறது.

தேடிய நாள்களில் அவருக்கு எளிய வழிகள் இரண்டு காட்டப்பட்டன. ஒரு கடையில் அதே உருவமுள்ள நாசில்கள் பாதி விலைக்குக் கிடைத்தன. கையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் நாசிலின் உடலில் பொறித்திருந்த எண் வேறு. துளைகளின் எண்ணிக்கையும் டீசல் தெளிக்கும் கோணமும் எண்ணுக்கு எண் மாறும். தவறான கோணத்தில் தெளித்தால் டீசல் சரியாக எரியாது. நாளடைவில் பிஸ்டனே கருகும். இரண்டாவது வழி, உடைப்புக்கு வந்த லாரியின் பம்பை அப்படியே எடுத்து மாட்டுவது. அதுவும் மாட்டினால் உட்காரும். ஆனால் மேடு பள்ளத்தில் ஏறியிறங்கும் லாரிக்கென்று அளவு வைத்த பம்பு, மணிக்கணக்காக ஒரே வேகத்தில் வலையை இழுக்கும் படகுக்குத் தக்கதன்று. ஒத்திருப்பது வேறு, பொருந்துவது வேறு.

கரையில் இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றும். நடுக்கடலில் இயந்திரம் நின்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். நீரோட்டம் இழுக்கும் திசை ஓட்டுநரின் கையில் இல்லை. பாக் நீரிணையில் அந்த நீரோட்டம் படகை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் என்ன நேரும் என்பதை இக்கரையின் குடும்பங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தப் படகில் ஆறுபேர் போகிறார்கள். ஆறு வீடுகளில் விளக்கு எரிகிறது.

அவர் காத்திருக்கத் தீர்மானித்தார். ஜூன் 15 அதிகாலை எல்லாப் படகுகளும் புறப்பட்டபோது அவருடைய படகு மட்டும் துறையில் நின்றது. தடைக்குப் பிந்திய முதல் நாள்களின் மீன்பாடே இரண்டு மாதக் கடனை அடைக்கும் நம்பிக்கை என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பது நாள் கழித்தே சரியான எண்ணுள்ள எலிமென்ட்களும் நாசில்களும் வேறொரு ஊரின் பம்புக் கடையிலிருந்து கிடைத்தன. அங்கேயே பம்பைச் சோதனை மேசையில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலின் அளவைச் சமன்செய்து அனுப்பினார்கள். புதிய காப்பர் வாஷர்கள் போட்டு, குழாய்களிலிருந்த காற்றை எடுத்த பிறகே இயந்திரம் கிளப்பப்பட்டது.

பிரியமானவர்களே, இங்கே நான் உங்களிடம் கேட்க விரும்புவது ஒன்று உண்டு. பொறுமையைப் பற்றிப் பிரசங்கிப்பது எளிது. ஆனால் அந்த ஒன்பது நாளின் விலையைக் கொடுத்தது யார்? அவர் ஒருவர் மட்டுமல்ல. அவரோடு போகும் ஆறு தொழிலாளர்களும் பங்குப்பணம் இல்லாமல் இருந்தார்கள். அவர்களில் மூவருக்கு அவர்களுடைய அயலகத்துப் படகுகளில் இடம் கொடுக்கப்பட்டது. மற்ற மூன்று வீடுகளுக்கு அரிசியும் பள்ளிக்கூடக் கட்டணமும் நம்மில் சிலர் சத்தமின்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அது நடந்திராவிட்டால், பாதி விலை நாசிலைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போயிருப்பார். அப்போது அவரைக் குறைகூற நமக்கு உரிமை இருந்திருக்குமோ? நேர்மையாய்க் காத்திருக்கும் ஒருவனுக்குச் சுற்றியிருப்போர் தோள்கொடுக்காவிட்டால், அவன் நேர்மை அவன் பிள்ளைகளின் பசியாய் முடியும். ஒருவர் பாரத்தை மற்றவர் சுமப்பது என்று நாம் ஆலயத்தில் பேசுவதற்குக் கடற்கரையில் பொருள் இதுதான்.

கலிலேயாவின் கரையில் யாக்கோபும் யோவானும் அழைக்கப்பட்டபோது, அவர்கள் படகில் அமர்ந்து வலைகளைச் சீர்ப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பழுதுபார்க்கும் வேளை வீணான வேளை அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

ஆகவே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பழைய படகு வைத்திருப்போர், பம்பின் தகட்டிலும் நாசிலிலும் உள்ள எண்களை இப்போதே எழுதிவையுங்கள். துருவேறினால் அவற்றைப் படிக்க முடியாது. மாற்றும் பழைய பாகத்தைப் புதியது வந்து பொருந்தும்வரை எறிந்துவிடாதீர்கள். ஒரே வகை இயந்திரம் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு ஜோடி உபரிப் பாகம் வாங்கிவைக்கலாம். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியைக் கடலுக்குப் போகுமுன் தவறாமல் வடித்துவிடுங்கள். எண்களை எழுதிவைக்க ஆலய அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன்; ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து எழுதலாம். படகு இல்லாதவர்களுக்கும் அதன் கடைசிப் பக்கங்களில் இடம் உண்டு: அடுத்த தடைக்காலம் முடியும்போது எந்த வீட்டுக்கு யார் தோள்கொடுப்பது என்பதை அங்கே எழுதுவோம்.

கடலுக்குச் செல்வோரையும் கரையில் காத்திருப்போரையும் ஆண்டவர் காப்பாராக.