காட்பாடி, ஆறு மணி வண்டி

ரயில் நிலையங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்திலிருந்து தொடங்குகிறார்கள். ராயபுரத்துக்குத் தூண்கள் இருக்கின்றன, எழும்பூருக்குக் குவிமாடங்கள் இருக்கின்றன. காட்பாடிக்கு அப்படி எதுவும் இல்லை. நான்கு திசைகளிலிருந்து வரும் தண்டவாளங்கள் அங்கே கூடுகின்றன என்பது மட்டுமே அதன் பெருமை. பாகாயத்தில் வளர்ந்த எனக்கு அது ஒன்றாம் எண், இரண்டாம் எண் பேருந்துகளின் மறுமுனை. அதற்கு அப்பால்தான் உலகம் இருந்தது.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி ஆற்காடு நிலையத்தை, இன்றைய வாலாஜா ரோட்டை, வந்தடைந்தது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ரயிலுக்கே இலக்கணம் என்று நாம் வியக்கும் ஜப்பானில் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முதல் பாதை திறக்கப்பட்டது 1872இல்தான். 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரையில் விரைந்து வந்தார். சரியாக ஐம்பது ஆண்டுகளில் அதே ஆற்காட்டுக்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. பிறகு அது காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என்று மேற்கே நீண்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது.

1890ஐ ஒட்டி, விழுப்புரத்திலிருந்து வேலூர் வழியாகப் பாகாலா நோக்கிச் செல்லும் மீட்டர் பாதை குறுக்கே வந்து சேர, காட்பாடி சந்திப்பாயிற்று. அகலப்பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர், மீட்டர் பாதையுடையது 1000. அந்த 676 மில்லிமீட்டர் வேறுபாட்டுக்காக, ஒரு வண்டியில் வந்த சரக்கை இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. எத்தனை முதுகுகள் அந்த வேறுபாட்டைச் சுமந்தன என்று எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை.

அப்பா அந்த அகலப்பாதையில் தினமும் போய்வந்தவர். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதினார். லத்தேரி, காவனூர், குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று நிலையங்களின் பெயர்களை மந்திரம்போல அடுக்கிச் சொல்வார். சீசன் டிக்கெட்டைக் கண்ணாடித்தாள் உறையிலிட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். கணக்குப்பிள்ளை தோலைத் தொடுவதில்லை. ஆனாலும் சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் ஊறிய தோலும் கலந்த வாடை அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும். அம்மா அந்தச் சட்டைகளை மட்டும் தனியே துவைப்பாள்.

1992இல் நான் காட்பாடியில் பதினொன்றாம் வகுப்பு படித்தேன். மாலை ஆறு மணி வண்டியில் வரும் அப்பாவோடு சேர்ந்து பேருந்தேறி வரும்படி அம்மா சொல்லியிருந்தாள். ஒருநாள் வகுப்புத் தோழர்கள் நான்கு பேரோடு நடைமேம்பாலத்தின் படியருகே நின்றிருந்தேன். இறங்கி வந்த கூட்டத்தில் அப்பாவும் இருந்தார். எங்களைக் கடந்தபோது ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் என்னிடம், "உன்னப் பாத்துச் சிரிக்கிறாரே, தெரிஞ்சவரா?" என்றான். "யாருன்னு தெரியல" என்றேன்.

அப்பா நடையை நிறுத்தவில்லை. சிரிப்பை மட்டும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். அன்று நான் அடுத்த பேருந்தில் வீடு போய்ச் சேர்ந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை அம்மாவிடம், "அவன் படிக்கிற பையன், எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரா வரட்டும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

பாலாறு கெட்டுப்போனது தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஷாப்புகள் இயங்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். தீர்ப்பு நியாயமானது. கிணற்று நீர் உவர்த்துப்போன ஊர்களைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். அந்த ஆண்டுகளில் மூடப்பட்ட ஷாப்புகளில் அப்பாவினுடையதும் ஒன்று. அவருடைய சீசன் டிக்கெட்டில் ஒன்பது நாட்கள் மீதமிருந்தன. அதை வீணாக்காமல் ஆம்பூர் வரை போய், கணக்குப் புத்தகங்களை ஒப்படைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் சட்டையில் வாடை இல்லை. பேச்சும் குறைந்துவிட்டது. 2011இல் இறந்தார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2010இல் விழுப்புரம் பாதையும் அகலமாகிவிட்டது. இப்போது எல்லாம் ஒரே அளவுதான். 2022 மே மாதம் காட்பாடி நிலையத்தை மறுசீரமைக்க அடிக்கல் நாட்டப்பட்டது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் எப்போதும்போல எக்ஸ்-ரே உறைகளை மார்போடு அணைத்தபடி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு மாலையில் அங்கே நின்றிருந்தேன். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த பயணிகள் வண்டியிலிருந்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் சிலர் இறங்கினார்கள். அவர்களைச் சூழ்ந்து ஒட்டுப்பசையின் வாடை வந்தது. படியருகே பள்ளிச் சீருடையில் நின்றிருந்த ஒரு பையன் முன்னே போய், அவர்களில் ஒருத்தியின் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டான். "ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்று சத்தமாகக் கேட்டான். இருவரும் பேசிக்கொண்டே பாகாயம் பேருந்தை நோக்கி நடந்தார்கள். அதே பேருந்தில்தான் நானும் போக வேண்டியிருந்தது. அடுத்ததற்காகக் காத்து நின்றேன்.