தோப்பு வாங்க விமானம் ஏறுமுன்

ஆனைமலை வட்டாரத்தில் வெளிநாட்டு வேலைப் பேச்சு பல வீடுகளில் தென்னந்தோப்பிலிருந்துதான் கிளம்புகிறது. கேரள வாடல் நோயும் வெள்ளை ஈயும் காய்ப்பைக் குறைத்துவிட்டன. நாலு வருடம் வெளியே சம்பாதித்துக் கடனை அடைக்கலாம், கையில் மிஞ்சினால் பக்கத்துத் தோப்பையும் வாங்கிப் போடலாம் என்பது கணக்கு. சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் கோவையிலேயே விமானம் ஏறலாம் என்பதால் கிளம்புவது சுலபமாகிவிட்டது.

சிங்கப்பூர் வேலை என்றால் சம்பளத்துக்கு முன்பாக அனுமதியின் வகையைப் பார்க்க வேண்டும். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்றவற்றுக்கு ஒர்க் பெர்மிட். இடைநிலைத் திறனாளருக்கு எஸ் பாஸ். உயர்பணிகளுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். ஒர்க் பெர்மிட்டில் போகிறவர் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள முடியாது. மற்ற இரண்டிலும்கூட மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம் இருந்தால்தான் குடும்பத்தை அழைக்கலாம். சம்பளத்தை ரூபாயாக்கிப் பார்த்து மலைத்துப் போவது வழக்கம். செலவும் வெள்ளியில்தான் என்பது பிறகுதான் உறைக்கும். கோவை பம்பு கம்பெனியிலோ மில்லிலோ இருப்பவருக்கு பி.எஃப்., பணிக்கொடை உண்டு. சிங்கப்பூரில் இந்த அனுமதிகளில் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு அந்நாட்டின் மத்திய சேமநிதி கிடையாது. இங்கே கிடைக்கும் பி.எஃப்., பணிக்கொடையையும் சேர்த்தே இரண்டு சம்பளத்தையும் ஒப்பிட வேண்டும்.

சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அந்நாட்டு மனிதவள அமைச்சு தரும் முன் ஒப்புதல் கடிதத்தில் இருக்கும். அது கைக்கு வராமல் ஏஜென்டிடம் பணம் கட்டுவது அறிவீனம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஏஜென்டின் பதிவை மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்பவரை நம்பவே கூடாது. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் தோப்புக் கணக்கு உதைக்கும். வேலைக்காக வெளிநாடு போனவர் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர். அவர் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. போகுமுன் தன் பெயரில் இருந்த நிலத்தையும் வைத்துக்கொள்ளலாம். சம்பாதித்த பணத்தைத் தம்பிக்கு அனுப்பி அவர் பெயரில் கிரயம் செய்தால் பினாமிச் சட்டச் சிக்கலும் வரலாம், பின்னாளில் பங்காளிச் சண்டையும் வரலாம். கொங்குப் பக்கம் இரண்டாவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது.

ஆகவே தோப்புக்காகவே போகிறவர் ஊர் திரும்பிக் குடியமர்ந்த பிறகு வாங்குவதாகத் திட்டமிட வேண்டும். தகப்பனார் தோப்பை மகன் பெயருக்கு தானசெட்டில்மென்ட் எழுதுவதாக இருந்தால், பயணத் தேதிக்கு முன்பே பதிவை முடித்துவிடுவது நல்லது.