இவருக்கு அசதி, ஊர்வாய்க்கு அவல்

அன்புள்ள சரசு,

உங்கள் அண்ணனுக்கும் பார்க்கின்சன் என்று நீ எழுதியதைப் படித்து மனசு கேட்கவில்லை. ஆனால் அடுத்த வரியிலேயே, "நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறார், சோம்பேறியாகிவிட்டார் என்று அண்ணி ஒரே புலம்பல்" என்று எழுதியிருந்தாயே, அங்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இதே மாதிரி வசனங்களை இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றி யார் யார் பேசினார்கள் என்று கேட்டால் நீயும் சிரிப்பாய்.

முதல் பரிசு என் ஓரகத்திக்கு. அவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இவர் ஹோமம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பந்தி போடுவதற்குள் ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டார். "கைகூட நடுங்கலையே, அப்புறம் என்ன வியாதியாம்? நாங்க வீடு கட்டிட்டோம்னு வயித்தெரிச்சல்" என்று சமையல்கட்டில் பேச்சு. பார்க்கின்சன் என்றால் கை ஆடியே தீரவேண்டும் என்பது இவர்கள் கணக்கு. சிலருக்கு நடுக்கமே இருக்காதடி; உடம்பு விறைக்கும், எதைச் செய்தாலும் மெதுவாகும், அவ்வளவுதான். முகத்துத் தசையும் இறுகிப்போவதால் ஆள் உர்ரென்று இருப்பதுபோலத் தெரியும். வயிற்றெரிச்சலுக்கு அதுவும் ஒரு சாட்சி ஆகிவிட்டது.

இரண்டாம் பரிசு நாத்தனாருக்கு. நாங்கள் தனித்தனிக் கட்டிலில் படுப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கும் அண்ணிக்கும் பேச்சுவார்த்தை இல்லை போல" என்று மதுரைவரை செய்தி அனுப்பிவிட்டாள். நடப்பது என்னவென்றால், மனுஷன் தூக்கத்தில் பையன்களை மைதானத்தில் ஓடவிட்டு அதட்டுகிறார், கால்பந்து உதைக்கிறார், உதை என் விலாவில் விழுகிறது. கனவு காணும் நேரத்தில் உடம்பு அசையாமல் கிடக்க மூளையில் ஓர் ஏற்பாடு உண்டு. இந்த நோயில் பலருக்கு அது பழுதாகிவிடும், சிலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே. இதையெல்லாம் நாத்தனாரை உட்காரவைத்து யார் விளக்குவது?

சரி, அசதிக்கு வருகிறேன். இவர் பி.டி. மாஸ்டராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். பையன்களோடு தானும் ஓடியவர். இப்போது குளித்துவிட்டு வந்து சட்டையில் ஒரு கையை நுழைத்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். இன்னொரு கை வெளியே. பித்தான் ஒன்றுகூடப் போட்டிருக்காது. பக்கத்தில் வைத்த காப்பி ஏடு படிந்துவிடும். "தூக்கம் வருதா?" என்றால் "இல்லை." "மனசு சரியில்லையா?" என்றால், "மனசெல்லாம் வெளியே போகணும்னுதான் இருக்கு, உடம்புதான் வரமாட்டேங்குது."

நரம்பு டாக்டரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். தூக்கக் கலக்கம் வேறு, மனச்சோர்வு வேறு, எதிலும் நாட்டமில்லாமல் போவது வேறு, இந்த அசதி வேறு. ஒருவருக்கே எல்லாம் சேர்ந்தும் வரலாம், ஆனால் வைத்தியம் தனித்தனி. பார்க்கின்சன் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அசதி உண்டு. நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே அது வந்துவிடுவதும் உண்டு. டோபமின் சுரக்கும் மூளைச் செல்கள் அழிவதால் வருகிற நோய்தான், ஆனால் அசதிக்கு அது மட்டும் காரணமில்லையாம். செரட்டோனின் போன்றவற்றின் மேலும் சந்தேகம். அதனால்தான் லெவோடோபா மாத்திரையில் நடை தேறினாலும் அசதி முழுசாக விடுவதில்லை. அதைப் போக்கவென்று நிச்சயமான மாத்திரை ஒன்றும் இன்னும் வரவில்லை.

அதற்காக "இது நோயோடு பிறந்தது" என்று அண்ணி கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. ரத்தம், தைராய்டு, பி12 பார்க்கச் சொல். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல். நின்றால் பிரஷர் இறங்குவது இந்த நோயில் சகஜம், அதுவும் ஆளைச் சாய்த்துவிடும். மாத்திரைகளில் சில தூக்கத்தை இழுத்து வரும், அதையும் டாக்டரிடம் கேட்கட்டும்.

இனிமேல்தான் உறவுக்காரர்கள் வைத்தியம் ஆரம்பிப்பார்கள், பார். இங்கே சத்துமாவு மட்டும் டப்பா டப்பாவாக வந்தது. ஒருத்தி புரோட்டீன் பவுடரோடு வந்து, "மாத்திரையைப் பாலிலேயே போட்டுக் குடிங்கண்ணே" என்று தானே கலக்கிக் கொடுக்கப் போனாள். டம்ளரைக் கையிலிருந்தே வாங்கிவிட்டேன், அவளுக்கு முகம் தொங்கிவிட்டது. புரதமும் லெவோடோபாவும் குடலிலிருந்து உள்ளே போக ஒரே வாசலுக்கு முண்டும். மாத்திரை பின்தங்கிப்போனால் அன்று காலைப் பொழுது போயிற்று. அதனால் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் வெறும் தண்ணீரில் மாத்திரை. பருப்பும் முட்டையும் வேண்டாம் என்பதில்லை, நேரம்தான் தள்ளியிருக்க வேண்டும்.

இன்னொருவர் நாட்டுமருந்துக் கடையிலிருந்து பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்தார். அதில் அசல் லெவோடோபாவே இருக்கிறது, கதையில்லை. இருப்பதுதான் வம்பு: போடுகிற மாத்திரைக்கு மேலே அளவு தெரியாத இன்னொரு மாத்திரை. டாக்டர் வேண்டாம் என்றார், பொடி இன்னும் அலமாரியில் இருக்கிறது.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது ஆறே பேரைத்தான் சொன்னார். அதில் சிலர் அவர் தெருவில் கண்டவர்கள். தெருவில் போகிறவரைப் பார்த்து அவர் நோயைக் கண்டுபிடித்தார். நம் ஆட்கள் வயிற்றெரிச்சலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அசதிக்காரரை நடக்கச் சொல்வது அண்ணிக்கு விபரீதமாகத் தோன்றும். நடக்கட்டும், முடிந்த அளவு தினமும், ஓரளவு குறைகிறது. மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் நடை, நடுப்பகலில் அலாரம் வைத்து ஒரு குட்டித் தூக்கம். தலைக்குக் குளிக்கிற நாளில் பேங்க் கிடையாது. பேங்குக்குப் போகிற நாளில் யார் வீட்டுக்கும் போவதில்லை. இவர் சேர்ந்தாற்போல் இரண்டு வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான்.

ஓரகத்தி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முந்தின நாள் ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் மேடையருகே நிற்கணுமாம், பெரியப்பா ஆயிற்றே! முகூர்த்தத்துக்கு மட்டும்தான் வருவோம், அட்சதை போட்டதும் இவருக்குப் படுக்க மண்டபத்தில் ஒரு ரூம் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது. நீ எப்போது வருகிறாய்?

அன்புடன்,
உன் விசாலம்