மோட்டாருக்கு முன் ஒரு சோதனை

டி. கல்லுப்பட்டியில் எங்கள் இல்லத்துக் கார் ஷெட்டின் இரும்பு ஷட்டரை நாள்தோறும் தூக்கியே அத்தாவுக்குத் தோள் வலி கண்டது. சுவரில் பொருத்தும் மோட்டார் வாங்க விழைந்தேன். வந்து பார்த்த மிஸ்திரி, ஷட்டரைப் பாதியளவு உயர்த்தி மெல்லப் பிடியைத் தளர்த்தச் சொன்னார். அது நில்லாமல் சரிந்தது.

"ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இதில் மோட்டாரைப் பூட்டினால் அதுவும் விரைவில் தேய்ந்துபோகும்" என்றார். ஷட்டர் சுருளும் தண்டின் அருகே போதிய இடமும், போல்ட்டைத் தாங்கும் உறுதியான சுவரும், மின்தடையின்போது இழுக்கக் கைச்சங்கிலியும் வேண்டுமாம்.

ஸ்பிரிங்கைச் சீர்செய்தபின் அத்தா ஒரு கையாலேயே தூக்குகிறார்கள். மோட்டார் பிறகு வரட்டும். இத்தனை நாளும் அக்கனத்தை நான் ஒருமுறையேனும் தூக்கிப் பார்க்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். நீங்களேனும் தூக்கிப் பாருங்கள்.