பெட்டி தேடும் விளையாட்டும் வாயில்லா ஜீவன்களும்

விலங்குக் காப்பகம் ஒன்றின் பொருட்டுப் புதையல் வேட்டை நடத்தப் போகிறோம் என்று சிங்கப்பூரிலுள்ள எங்கள் சங்கக் கூட்டத்தில் அறிவித்தபோது, முதலில் எழுந்த கேள்வி புதையலைப் பற்றியதன்று, நாயைப் பற்றியது. "அங்கே நாய்கள் இருக்குமே காக்கா, பிள்ளைகளை எப்படி அழைத்து வருவது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தாயார் கேட்டார். கேள்வி நியாயமானது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் எனக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்து இங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களே எங்களில் மிகுதி, ஷாஃபிஈ மத்ஹபினர். நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டப்பட்ட பாடம். அந்தப் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு விழா எடுப்பது எங்கள் எண்ணமன்று. அக்கேள்விக்கு விடை கிடைத்த விதத்தைச் சொல்லுமுன், அந்த வேட்டை இன்னதென வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஜியோகேஷிங் என்பது அதன் பெயர். ஒருவர் ஒரு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை உலகறிய வெளியிடுகிறார். மற்றவர்கள் கைக்கருவியின் துணையோடு அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளேயிருக்கும் ஏட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். பொன்னுமில்லை, பணமுமில்லை, ஏட்டிலே பெயர், அவ்வளவுதான். இதற்கு முன்னோடி ஒன்று இங்கிலாந்தில் உண்டு. 1854ஆம் ஆண்டு ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, டார்ட்மூர் சதுப்பு வெளியில் எவரும் எளிதில் சென்றடைய முடியாத ஓரிடத்தில் ஒரு புட்டியை வைத்து, அங்கு வந்து சேர்ந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் செல்ல வழி செய்தார். ஆனால் இன்றைய விளையாட்டு பிறந்தது விண்ணிலே என்றுதான் சொல்ல வேண்டும். தரைக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அமெரிக்கத் துணைக்கோள்கள் அனுப்பும் குறிகளைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தைக் கணிப்பதுதான் ஜி.பி.எஸ். முறை. பொதுமக்களுக்குக் கிடைத்த குறிகளில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். கணிப்பு 100 மீட்டர் வரை தவறும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் இடத்தைக் கணினி வழியே அறிவித்துவிட்டார்! புத்தகம், சிறிது பணம், ஒரு கவண், இவற்றோடு அவரைக்கொட்டை அடைத்த டப்பா ஒன்றும் அதில் இருந்தது. பெட்டியில் உணவுப் பொருள் வைக்கலாகாது என்பது இன்று இவ்விளையாட்டின் விதி. வாசனை பிடித்து விலங்குகள் உடைத்துவிடும். விதி பிறக்குமுன் பிறந்த டப்பா என்று அதை மன்னிப்போம். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

எங்கள் பிள்ளைகளில் சிலர் இவ்விளையாட்டில் தேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவன்தான் சுங்கை தெங்காப் பக்கம் இருக்கும் ஒரு காப்பகத்தைப் பற்றிச் சொன்னான். நகரின் கடையோரம், செடிப் பண்ணைகளும் வண்ண மீன் பண்ணைகளும் உள்ள வட்டாரம். அங்கே நாங்கள் போய்க் கேட்டபோது, காப்பகத்தார் பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. "வருவார் இல்லை" என்பதே அவர்கள் குறை. வருவார் இல்லையேல் பூனையை யார் பார்ப்பது, பார்க்காமல் யார் கொண்டு போவது? நாய்களின் நிலை இன்னும் கடினம். அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க எல்லா நாய்க்கும் அனுமதி இல்லை. காப்பகத்துக் கலப்பின நாய்களுக்கென வகுத்த சலுகைத் திட்டத்திலும் தோள் உயரம் 55 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. அந்த அளவுகோலை இரண்டு விரற்கடையில் தாண்டிய ஒரு கறுப்பு நாய், ஆறு ஆண்டுகளாகக் கம்பிக்குப் பின்னே இருப்பதைக் கண்டோம். வளர்ந்ததே அதன் குற்றம்.

பூனைகளின் கதையில் மட்டும் புதிதாக ஒரு கதவு திறந்திருந்தது. 1989 முதல் வீட்டு வசதிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கத் தடை. தடை இருந்ததேயன்றிப் பூனை இல்லாமற் போகவில்லை. எத்தனை வீடுகளில் அது உறவினரைப்போல் மறைவாக வாழ்ந்தது என்பதை அண்டை வீட்டார் அறிவர். 2024 செப்டம்பர் 1 முதல் உரிமம் பெற்று, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியது. எங்கள் குடும்பங்களில் பெரும்பாலோர் இவ்வீடுகளில் குடியிருப்போரே. ஆகவே எங்கள் மக்கள் அக்காப்பகத்தின் வாயிலைக் கடந்தால் போதும், சில உயிர்களுக்கு வீடு கிடைக்கும் என்று நம்பினோம்.

இனி நாயைப் பற்றிய கேள்வி. எங்கள் வட்டாரத்து ஆலிம் ஒருவரிடம் சென்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "உலர்ந்த கையும் உலர்ந்த உடலும் பட்டால் கழுவ வேண்டியதே இல்லை. ஈரம் பட்டால் கழுவும் முறை இருக்கிறது. படவே படாது என்றால் முறை எதற்கு?" என்றார். ஹனஃபி மத்ஹபில் நாயின் உமிழ்நீரே அசுத்தம், மாலிக்கி மத்ஹபில் அதுவும் இல்லை என்பதையும் சொல்லி, "இருந்தாலும் நீங்கள் உங்கள் மத்ஹபிலேயே நின்று செய்யுங்கள், மனம் உறுத்தாமல் செய்வதே நல்லது" என்றார். தாகத்தால் நாக்குத் தொங்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு வந்து புகட்டியவர் பாவமன்னிப்புப் பெற்ற வரலாற்றை நாங்கள் எடுத்துச் சொல்ல வாய் திறக்குமுன் அவரே நினைவூட்டினார். கூட்டத்தில் அதைச் சொன்னோம். கேள்வி கேட்ட தாயார் முழுவதும் இணங்கினார் என்று சொல்ல முடியாது. "வருகிறேன். ஆனால் மண்ணும் தண்ணீரும் தயாராக இருக்கட்டும்" என்றார். நிகழ்ச்சிப் பட்டியலில் 'தூய மண், ஒரு மூட்டை' என்று எழுதிக்கொண்டோம். பக்கத்துச் செடிப் பண்ணையில் அதை வாங்கியபோது, என்ன செடி வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

அடுத்த சிக்கல் விளையாட்டின் விதியிலிருந்தே வந்தது. இத்தகைய ஒன்றுகூடலை முறைப்படி அறிவிக்க வேண்டுமானால் குறைந்தது 14 நாட்களுக்கு முன் பதிவு செய்ய வேண்டும். தொண்டர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவார். அந்த அறிவிப்பில் வாணிகம், அரசியல், மதம் ஆகியவற்றுக்கு மட்டுமன்றி, தருமத்துக்கும் இடமில்லை. இன்ன காப்பகத்துக்கு நிதி தாருங்கள் என்று ஒரு வரிகூட எழுதலாகாது. எங்கள் குழுவில் இது பெரும் விவாதமாயிற்று. இளைஞர்கள் சிலர் கொதித்தார்கள்: நல்ல காரியத்துக்குக் கேட்பதில் என்ன குற்றம்? எங்கள் கருத்து வேறாக இருந்தது. ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் வாசலைத் திறந்துவிட்டால் பெட்டி தேடி வருபவன் ஒவ்வொரு மரத்தடியிலும் உண்டியலைத்தான் காண்பான், விளையாட்டு செத்துவிடும். அன்றியும், வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு விளம்பரமில்லாத சதகா புதிதா? முடிவில், அறிவிப்பில் இடமும் நேரமும் மட்டும் எழுதினோம். பழைய துண்டு, போர்வை, செய்தித்தாள் கொண்டு வருமாறு எங்கள் குடும்பங்களுக்குத் தொலைபேசியில் சொன்னோம். வெளியிலிருந்து வரும் விளையாட்டுக்காரர்களிடம் எதுவும் கேட்கவில்லை.

பெட்டிகளை வைப்பது சொல்லும் அளவு எளிதன்று. நிலையான பெட்டியாகப் பதிவதானால் அது பல மாதம் அவ்விடத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த பெட்டிக்கும் அதற்கும் இடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் வைக்கும் பெட்டிகள் பதிவுக்கு உரியனவல்ல. வந்தவர்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்து, அதிலே குறிகளை எழுதித் தரலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம். பண்ணைக்காரர்களிடம் ஒவ்வொருவராகச் சென்று அனுமதி கேட்டோம். அருகில் விமானப்படைத் தளம் இருப்பதால் எந்த வேலிக்கும் பக்கத்தில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்டோம். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைக் கண்டு யாரும் அஞ்சலாகாதென, உள்ளிருப்பது வெளியே தெரியும் கண்ணாடிபோன்ற பெட்டிகளையே வாங்கி, எங்கள் தொலைபேசி எண்ணை மேலே ஒட்டினோம். தண்ணீர் தேங்காதவை, இந்நாட்டில் கொசு முட்டையிட இடம் கொடுப்பது தண்டனைக்குரியது.

அட்சரேகைக் குறியில் ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால் தரையில் 1.85 மீட்டர் மாறும். அந்தக் கடைசி இலக்கங்களைத் தாளில் எழுதாமல் விட்டோம். ஒவ்வொரு பெட்டியிலும் காப்பகத்து விலங்கு ஒன்றின் வரலாற்றை ஒரு சீட்டில் எழுதி வைத்து, அதைப் படித்தால்தான் அடுத்த பெட்டியின் இலக்கம் கிடைக்குமாறு அமைத்தோம். 'இப்பூனை எத்தனை ஆண்டு மேல்மாடிப் படிக்கட்டில் வாழ்ந்தது?' அந்த எண்ணே அடுத்த இலக்கம். 'இதன் எந்தக் காதின் நுனி வெட்டப்பட்டிருக்கிறது, ஏன்?' இங்கே கருத்தடை செய்யப்பட்ட தெருப்பூனையை அடையாளம் காண இடக்காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். மீண்டும் பிடித்து வதைக்காமலிருக்க அது உதவும். எவனோ கொடியவன் அறுத்துவிட்டான் என்று பல ஆண்டு எண்ணியிருந்ததாக ஒரு லாத்தா அன்று சொன்னார். ஐந்து பெட்டிகளையும் கண்டவருக்குக் கடைசியில் கிடைப்பது காப்பகத்துக் கூண்டின் எண். அங்கே சீட்டில் படித்த அதே ஜீவன் உட்கார்ந்திருக்கும்.

2025 ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு என்று குறித்திருந்தோம். ஜூனில் விடியற்காலை சுமத்திரா பக்கத்திலிருந்து புயற்காற்றோடு மழை வரிசை கட்டி வரும். அதற்கு அப்பெயரே வழங்குகிறது. அன்று ஏழு மணிக்கு வானம் மேற்கே கறுத்தது. ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. எழுபது பேரை எதிர்பார்த்த இடத்தில் கூரைக்கடியில் பதினொருவர் நின்றோம். மழை விட்டதும் ஒவ்வொரு வாகனமாக வரத் தொடங்கி, ஒன்பதரைக்குள் ஐம்பதைத் தாண்டியது. வெளி விளையாட்டுக்காரர்களில் சீனர், மலாய்க்காரர், ஐரோப்பியர் எல்லாரும் இருந்தனர். பெட்டிகளுக்குள் ஒரு துளி நீர் போகவில்லை. மரச்செறிவில் குறிகள் அங்குமிங்கும் தாவியதால் பெரியவர்கள் கருவியைப் பார்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வர, குழந்தைகள் கருவியை விட்டுவிட்டு வேரடியில் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் ஆலிம் சொன்ன உலர்ந்த உடல் என்னும் சலுகை மழையோடு போயிற்று. நாய்கள் அத்தனையும் நனைந்திருந்தன. காப்பகத்தாருக்கோ அவற்றை வெளியே நடத்திச் செல்லக் கை போதவில்லை. மழையில் அடைந்து கிடந்த நாய்கள் கூண்டில் குதித்துக் குரைத்துக்கொண்டிருந்தன. எங்கள் ஆட்கள் பூனைப் பகுதியோடு நின்றுகொண்டார்கள். யாரையும் நாங்கள் வற்புறுத்தவில்லை. அப்போது அந்தத் தாயாரின் மகன், பல்கலைக்கழகத்தில் படிப்பவன், அந்தக் கறுப்பு நாயின் கயிற்றைக் கையில் வாங்கினான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவன் சேறும் சகதியுமாய், கையெல்லாம் நாயின் எச்சிலாய்த் திரும்பி வந்தான். தாயார் எழுந்து போய், மண் மூட்டையை அவிழ்த்து, வாளியில் கரைத்து, தாமே தம்பி கையில் ஊற்றுவதுபோல் ஊற்றி ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினார். ஏழு முடிந்ததும், "அது கடித்ததா?" என்று கேட்டார். "இல்லையும்மா. வாகனச் சத்தம் கேட்டால் என் காலுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறது" என்றான். பிறகு இன்னும் நான்கு இளைஞர்கள் கயிறு வாங்கினார்கள். லுஹருக்கு முன் மண் தீர்ந்துவிட்டது. ஒருவர் பண்ணைக்கு ஓடினார்.

எங்கள் கணக்குப்படி அன்று சேர்ந்தவை மூன்று வாகனம் நிறையத் துண்டும் போர்வையும். கேட்காமலே வெளி விளையாட்டுக்காரர்கள் கொண்டுவந்த பூனைமணலும் அதில் உண்டு. கறுப்பு நாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது; 55 சென்டிமீட்டர் மாறவில்லை. அம்மாணவன் இரண்டு வாரத்துக்கொருமுறை போய் நடத்திவிட்டு வருகிறான். அவன் பையில் ஒரு சிறு டப்பா மண் இருக்கிறது. பூனைகளில் இரண்டு எங்கள் குடும்பங்களுக்கு வந்துவிட்டன. மூன்றாவது, ஒற்றைக்கண் கிழப்பூனை. அதை ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். அவர் வீடு பதினான்காம் மாடி. சன்னலுக்கு வலை அடித்த பிறகே தருவோம் என்று காப்பகத்தார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அது சரிதான். வலை அடிப்பவர் வரும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். பெரியவர் அதற்குள் மீன் வாங்கி வைத்துவிட்டார்.